குடோனும் கிட்டங்கியும்

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. ஏற்றுமதிக் காகித வேலை முடிந்து வீடு திரும்பும்போது அங்கே வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பது எனக்கு இருபது வருஷப் பழக்கம். ஒருநாள் சாயங்காலம் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இரண்டு இந்தோனேசியக் கப்பல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கடை முழுக்கக் கிராம்பு வாசம். யாரோ பிரியாணிக்குத் தாளிக்கிறார்கள் என்று அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் பால்தான் இருந்தது.

பெஞ்சில் கிடந்த சிகரெட் பெட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'குடாங் காரம்'. கூடவே ஒரு படம்: வரிசையாகக் கொட்டகைகள், முன்னால் ரயில் தண்டவாளம். என்ன அர்த்தம் என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் எலுமிச்சை சோடாவுக்கு வைத்திருந்த உப்பு டப்பாவை இழுத்து, ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டி, "காரம்" என்றார். உப்பைக் காட்டிக் காரம் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து, சாலைக்கு எதிர்ப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கட்டடங்களைக் காட்டி, "குடாங், குடாங்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. குடாங் காரம் என்றால் உப்புக் கிட்டங்கி. கிழக்கு ஜாவாவின் கெடிரி ஊரில் 1958-இல் தொடங்கிய சிகரெட் கம்பெனி அது. உப்புக்குப் பேர்போன தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு, ஜாவாக்காரர் ஒருவர் உப்புக் கிட்டங்கி என்றால் என்ன என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் எங்கள் சொல்லை வைத்துக்கொண்டே.

எங்கள் அப்பா ஓர் உப்புக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. அளத்தில் வாரிய உப்பைத் தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவித்து, காய்ந்தபின் மூடை பிடித்து, கிட்டங்கிக்குக் கொண்டுவந்து அடுக்குவார்கள். மூடைக் கணக்கு அப்பாவுடையது. சின்ன வயதில் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோனால் வாசலிலேயே அந்தக் காற்று முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கும் துருவும் கலந்த வாசம். உள்ளே கண் பழகுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். யாராவது வீட்டுக்கு வந்து அப்பாவைத் தேடினால் அம்மா சொல்வது ஒரே பதில்தான்: "கிட்டங்கிக்குப் போயிருக்காவ."

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா அதைக் கொச்சை என்றார். கிடங்கு என்றுதான் எழுத வேண்டுமாம். வேலைக்குச் சேர்ந்தபோது அதுவும் செல்லுபடியாகவில்லை. ரசீதில் குடோன், சுவரில் குடோன், லோடுமேன்கள் வாயில் குடோன். அலுவலகத்தில் ஒருமுறை வாய்தவறிக் கிட்டங்கி என்று சொல்லி, சென்னையிலிருந்து வந்த மேலாளர் புரியாமல் இரண்டாம் தடவை கேட்டபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பாவின் சொல் பட்டிக்காட்டுச் சொல், குடோன் இங்கிலீஷ்காரன் சொல் என்று அன்றைக்கு என் மனக்கணக்கு.

கணக்குத் தப்பு. குடோன் என்பதே கிடங்குதான்.

'கிட' என்ற வினையிலிருந்து வந்தது கிடங்கு. பழந்தமிழில் அதற்கு முதன்மையான பொருள் அகழி, பள்ளம். கோட்டையைச் சுற்றித் தண்ணீர் கிடக்கிற இடம். திண்டிவனத்தை ஒட்டிக் கிடங்கில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைக் 'கிடங்கிற் கோமான்' என்று புலவர் அழைப்பது அந்த ஊரை வைத்துத்தான். பிற்பாடு தண்ணீர் கிடந்த பள்ளம் சரக்கு கிடக்கும் கொட்டகையாக மாறியது. தெலுங்கிலும் பண்டகசாலைக்குக் கிட்டங்கி என்கிற மாதிரியே ஒரு சொல் புழங்குகிறது. ஆக, தமிழ் ஐயா கொச்சை என்று ஒதுக்கிய வடிவத்துக்கும் கடற்கரை நெடுகச் சொந்தபந்தம் உண்டு.

இந்தக் கரையிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு கிழக்கே போனவர்கள், சரக்கை இறக்கிப் பூட்டிவைக்க இடம் தேடியிருப்பார்கள். அந்த இடத்தின் பெயரும் சரக்கோடு இறங்கியது. மலாயில் அது குடாங் ஆயிற்று. போர்ச்சுக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்கள் வாயில் அது 'குடாவ்ங்' மாதிரி மூக்கால் ஒலித்தது. அங்கிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, தம் மொழியில் இருக்கிற 'கோ', 'டவுன்' என்ற இரண்டு சொற்களை ஒட்டினாற்போல அதை எழுதிவைத்தார்கள். கீழே இறங்கிப் போ என்பது போல. சொல்லின் மூலம் தெரியாத எத்தனையோ வெள்ளைக்காரர்கள், சரக்கறைக்குப் படியிறங்கிப் போவதால்தான் இந்தப் பெயர் என்று நம்பியிருப்பார்கள். பள்ளம் என்ற பழைய அர்த்தத்தைத் தெரியாமலே தொட்டுவிட்டார்கள் என்பது வேடிக்கை.

கிழக்கிந்தியக் கம்பெனி போன இடமெல்லாம் குடோனும் போனது. அப்படியே இங்கேயும் திரும்பியது. வீட்டைவிட்டுப் போன பிள்ளை தொப்பி வைத்துக்கொண்டு வந்து நிற்க, நாம் "யார் வேணும்?" என்று கேட்டிருக்கிறோம்.

இந்தமாதிரிச் சொற்களைத் திரட்டி 1886-இல் வந்த அகராதிக்குப் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. அந்தப் பெயரே ஒரு கதை. மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் குரல், பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் விழுந்து வாயில் வந்தபோது அப்படி ஆகிவிட்டது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவர்தான். அகராதி அச்சாவதற்கு நாலு வருஷம் முன்பே செத்துப்போனார். கச்சேரியில் வழக்குக் கேட்டுவிட்டு ராத்திரி விளக்கடியில் சொற்களைத் துருவிக்கொண்டிருந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கிட்டங்கி என்ற வடிவமும் சும்மா இருக்கவில்லை. நகரத்தார் அதைச் சிங்கப்பூருக்கு எடுத்துப் போனார்கள். அங்கே மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளில் அரிசி மூடையோ உப்பு மூடையோ கிடையாது. நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு செட்டியார் நிறுவனத்துக்கும், தரையில் கொஞ்சம் இடம், ஒரு பெட்டகம், சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத ஒரு சாய்வு மேசை. பகலில் அதுதான் வட்டிக்கடை. ராத்திரி அதே தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். பணமும் மனிதரும் கிடந்ததால் அது கிட்டங்கி. அர்த்தம் இன்னும் 'கிட'வைவிட்டு நகரவில்லை. 1970-களில் அந்தப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டியபோது அவை போய்விட்டன.

தூத்துக்குடியின் பெயர்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-இல் இந்த ஊரைப் பறித்தது டச்சுக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் டச்சுப் பெயருக்கு முதலெழுத்துச் சுருக்கம் வி.ஓ.சி. இன்றைக்கு எங்கள் துறைமுகத்தின் பெயரும் வி.ஓ.சி. துறைமுகம்! 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரனாரின் பெயர் 2011-இல் வைக்கப்பட்டது. சம்பந்தமே இல்லாத தற்செயல்தான். ஆனாலும் கண்டெய்னர் பேப்பரில் அந்த மூன்று எழுத்தை அடிக்கும்போதெல்லாம், விரட்டப்பட்டவனின் நாற்காலியில் சரியான ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

குடாங் காரத்துக்குப் பிறகு எனக்கு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. போய்விட்டுத் திரும்பிய சொற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண் தேட ஆரம்பித்தது.

வீட்டில் கதவு உரசுகிறது என்று தச்சரைக் கூப்பிட்டிருந்தேன். உளி தீட்டக் கல் வேண்டும் என்றார். தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கினால் பில்லில் 'கார்பெண்டர் கல்' என்று இருக்கிறது. கடைப்பையன் விவரமானவன்தான். தச்சர் பிடிக்கிற கல் கார்பெண்டர் கல்லாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அது கார்பொரண்டம் கல். மொசைக் தரைக்குப் பாலீஷ் போடுகிற மிஷினில் மாட்டுவதும் இதே சரக்குதான்.

அமெரிக்காவில் 1891-இல் எட்வர்டு ஆச்சிசன் என்பவர் களிமண்ணையும் கல்கரியையும் சேர்த்து மின்சாரத்தால் சூடாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மினுமினுவென்று மிகக் கடினமான துகள்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் கூடிய பொருள் இது என்று நினைத்து இரண்டு பெயரையும் முடிச்சுப் போட்டுக் கார்பொரண்டம் என்று வைத்தார். சோதித்துப் பார்த்தால் அதில் கொரண்டம் துளிகூட இல்லை. சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த பொருள். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இல்லாத அந்தக் கொரண்டம்தான் நம்முடைய குருந்தம். வடமொழியில் குருவிந்தம். 1798-இல் சார்லஸ் கிரெவில் என்கிற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதிய பிறகு அந்தப் பெயர் அறிவியலில் நிலைத்தது. கெம்பும் நீலமும் இரண்டுமே குருந்தம்தான். உள்ளே கலந்திருக்கிற துளி உலோகம் நிறத்தை மாற்றுகிறது. வைரத்தைப் பத்து என்று வைத்தால் கடினத்தில் இதற்கு ஒன்பது. நம் ஊரில் சாணை பிடிக்கிறவர்கள் குருந்தப்பொடியை அரக்கோடு கலந்து சக்கரம் செய்தார்கள். வைரத்துக்கு அடுத்த கல்லை வைத்து அரிவாள் தீட்டியிருக்கிறார்கள்!

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம். குருந்தம் கிடக்கிற பாறைகள் அங்கே உண்டு. நிலாவின் மேட்டுநிலத்துப் பாறையும் அதே வகை. அதனால் சந்திரயான்-2 தரையிறங்கிப் பழகுவதற்குச் செயற்கை நிலா மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டியிலிருந்தும் பக்கத்துக் குன்னமலையிலிருந்தும் கல் எடுத்துப் பொடித்தார்கள். இதையெல்லாம் தச்சரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் உளியில் எண்ணெய் விட்டு, "கல்லு நல்லா இருக்கு சார்" என்றார்.

மாங்காய் கதை இதைவிடச் சுவையானது. மலையாளத்தில் மாங்ங, போர்ச்சுக்கீசியத்தில் மங்க, ஆங்கிலத்தில் மேங்கோ. இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கப்பலில் போனது எது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு மாதக் கடல் பயணத்தில் மாம்பழம் என்ன ஆகும்? போய்ச் சேர்ந்தது ஊறுகாய்தான். உப்பிலும் எண்ணெயிலும் ஊறிய மாங்காயைத்தான் இங்கிலாந்து மேங்கோ என்று தெரிந்துகொண்டது. பழத்தைப் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அதனால் அவர்கள் ஊரில் மேங்கோ என்ற சொல்லுக்கு ஊறுகாய் என்றே பொருள் ஏறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சமையல் குறிப்புகளில் வெள்ளரிக்காயை மேங்கோ போடுவது, பீச் பழத்தை மேங்கோ போடுவது என்றெல்லாம் வருகிறது. நாம் 'உப்புக்கண்டம் போடுவது' என்கிற மாதிரி. அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர்கள் குடைமிளகாயைக் குடைந்து உள்ளே முட்டைக்கோஸ் அடைத்து ஊறப்போட்டார்கள். அதற்கும் மேங்கோ என்றே பெயர். ஒஹையோ, இண்டியானா பக்கத்துப் பழைய ஆட்கள் வெறும் பச்சைக் குடைமிளகாயையே மேங்கோ என்பதுண்டு. நம் மாங்காய் அங்கே போய்க் குடைமிளகாயாகிவிட்டது. இங்கே பெட்டிக்கடையில் பையன்கள் "ஒரு மேங்கோ" என்று கேட்டு அட்டைப்பெட்டிச் சாற்றை உறிஞ்சுகிறார்கள். கடைக்குப் பின்னால் மாமரம் நிற்கிறது.

மிளகுத்தண்ணியைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். நம் ரசம் போன இடத்தில் ஆட்டுக்கறியும் ஆப்பிளும் போட்டு முல்லிகட்டானி சூப்பாக்கிவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். சென்னை ராஜதானியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களை வங்காளத்து வெள்ளைக்காரர்கள் கேலியாக 'முல்' என்று கூப்பிட்டார்கள். முல்லிகட்டானி குடிப்பவன் என்று அர்த்தம். சாம்பார் என்று நம்மைக் கேலி செய்யும் வடக்கத்தி வழக்கத்துக்கு அவ்வளவு வயதாகிறது.

இந்த இடத்தில் வாட்ஸப் தமிழ்ப்பற்றாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காசிலிருந்துதான் கேஷ் வந்தது என்று வாரம் ஒருமுறை எனக்கு யாராவது அனுப்புகிறார்கள். பாதி உண்மை. நம் காசு போர்ச்சுக்கீசியர் வழியாகப் போய் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது சரிதான். ஆனால் அது சின்னச் செப்புக்காசுக்கு மட்டும் வைத்த பெயர். கம்பெனிக் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கணக்கேடுகளில் காசைக் கேஷ் என்றும் பணத்தை ஃபானம் என்றும் எழுதினார்கள். இன்று கேஷா கார்டா என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் வேறு குடும்பம். பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. முகச்சாடை ஒன்றாக இருக்கிறதே தவிர ரத்த சம்பந்தம் இல்லை. சாடையைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடிக்கொண்டே போனால், மெய்யாகவே நம்முடையது வந்து நிற்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொரு கட்சி, குடோன் வேற்றுமொழிச் சொல், விரட்டு என்று வருகிறவர்கள். இரண்டு கட்சிக்கும் அந்தச் சொல் நடந்த வழியைப் பற்றி அக்கறையில்லை. அப்பா கிட்டங்கியில் ஒரு மூடை எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது, எவ்வளவு எடை குறைந்தது என்று எழுதாமல் ஏட்டில் ஏற்ற மாட்டார். சொல்லுக்கும் அதே ஏடு வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி எழுதினால் சில சொற்களின் வரவு மனதைக் கனக்கச் செய்கிறது.

கூலி என்றால் நமக்குச் செய்த வேலைக்குரிய ஊதியம். 'ஏரை நம்பிப் பிழைத்தாலும் கூலியை நம்பிப் பிழைத்தாலும்' என்று பேசுகிறோமே, அங்கே கூலி ஒரு தொகை. வாங்குகிறவர் கூலியாள். குஜராத்துப் பக்கத்துக் கோலி சமூகத்தின் பெயரும் இதுவும் ஒன்றில் ஒன்று கலந்தன என்பார்கள் அகராதிக்காரர்கள். கலந்து ஆங்கிலத்தில் உட்கார்ந்தபோது ஊதியம் போய்விட்டது, ஆள் மட்டும் மிஞ்சினான். கொழும்புக்கும் மலாயாவுக்கும் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போன கப்பல்களின் ஏடுகளில் இத்தனை கூலிகள் என்று தலை எண்ணி எழுதினார்கள். கொடுக்க வேண்டிய பணத்தின் பெயரால் மனிதனை அழைத்துவிட்டு, பணத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சொல் அதே அர்த்தத்தோடு ஊர் திரும்பியது. "ஸ்டேஷன்ல ஒரு கூலியைப் பிடி" என்று நாமே சொல்கிறோம். அவர்களை ஓட்டிக்கொண்டு போன கங்காணிக்கும் ஆங்கிலத்தில் இடம் கிடைத்தது. கண்காணிப்பவர் என்ற அர்த்தம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பறை அடிப்பவர்களின் பெயர் ஆங்கிலத்தில் 'பரியா' ஆகி, ஒதுக்கப்பட்டவன் என்று உலகம் முழுக்க ஓடுகிறது. உலகம் தள்ளிவைத்த நாட்டைப் 'பரியா தேசம்' என்று எழுதுகிற பத்திரிகையாளருக்கு, அது இன்றும் உயிரோடு வாழ்கிற மனிதர்களின் பெயர் என்பது நினைவில் இருக்காது. பழைய பறவைப் புத்தகங்களில் நம் ஊர்க் கரும்பருந்துக்குக்கூட அந்த அடைமொழி. நாய் வளர்ப்பவர்கள் தெருநாயை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதுவும் தமிழ் வீடுகளில். இங்கே செய்த அவமானம்தான் அங்கே போனது. போனது இங்கிலீஷ் உடுத்திக்கொண்டு திரும்பியதால் நாக்குக் கூசாமல் வருகிறது.

கட்டுமரத்துக்கு வந்தது வேறுமாதிரி. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் அச்சிட்ட பயண நூலில், இந்தக் கரையில் ஒன்றிரண்டு மரத்துண்டுகளே படகாக ஓடுவதாக எழுதி, பெயரையும் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் பெயர் பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகுக்கு மாறிப்போயிற்று. 1876-இல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டைக் கூடு வைத்த பாய்மரப் படகைப் போட்டியில் ஓட்டி ஜெயித்தபின் அது நிலைத்தது. மரத்தைக் கட்டுவதும் இல்லை, மரமும் இல்லை. எங்கள் கரையில் பையன்கள் ஃபைபர் போட்டுக்கு மாறிவிட்டார்கள். கட்டுமரம் போட நல்ல மரமும் கிடைப்பதில்லை, மரம் பார்த்துக் கட்டத் தெரிந்தவர்களும் கொஞ்சம்தான். சுற்றுலா விளம்பரத்தில் மட்டும் 'கேட்டமரான்' பளபளக்கிறது.

சோழமண்டலத்தின் பயணத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். போர்ச்சுக்கீசியர் வாயில் அது கோரமண்டல் ஆனது. சீனாவில் செய்த அரக்குப்பூச்சு மடக்குத் தட்டிகள் இந்தக் கரைத் துறைகளில் கப்பல் மாறி ஐரோப்பா போனதால், அவற்றுக்குக் 'கோரமண்டல் தட்டி' என்று பெயர். நாம் செய்யவில்லை, வாங்கவும் இல்லை. துறையில் இறக்கி ஏற்றியதோடு சரி. அதற்கே பெயர் கிடைத்துவிட்டது. என்னைப் போன்ற ஏற்றுமதி குமாஸ்தாவுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

பிரிட்டிஷ் கடற்படையில் கோரமண்டல் என்றே ஒரு கப்பல் இருந்தது. பாய்மரத்துக்கு நெட்டை மரம் தேடி 1820-இல் அது நியூஸிலாந்தில் ஒரு துறையில் போய் நின்றது. நின்ற இடம் கோரமண்டல் ஆகி, ஊர், தீபகற்பம், மலைத்தொடர் எல்லாம் அந்தப் பெயருக்கு வந்துவிட்டன. ராஜராஜன் நினைத்தே பார்த்திருக்க மாட்டான். அதே நாட்டில்தான் 1830-களில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அது பாத்திரமில்லை, உடைந்த மணி. விளிம்பில் தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு உடைய கப்பல் மணி என்று படிக்கிறார்கள். இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலாயிலும் கப்பலுக்குக் கப்பல்தான் என்பது அந்த மணியைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். பார்த்தது போட்டோவில்தான்.

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் 1977 முதல் ஓடுகிற ரயிலுக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் என்று பெயர். சென்ட்ரலில் அறிவிப்பு வரும்போது சுற்றிலும் பார்ப்பேன். சோழன் எக்ஸ்பிரஸ் என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. இது அவனுடைய மண்டலம் என்று யார் முகத்திலும் ஒரு அசைவும் இருக்காது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு சுவர். எங்கள் முதலாளி துறைமுகச் சாலையில் புதிதாக ஒரு கொட்டகை எடுத்திருக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை அடுக்கி வைக்க. பேப்பரில் அதற்குக் 'காயர் பித்' என்று பெயர். அதிலும் நம் கயிறு ஒளிந்திருக்கிறது, விட்டுவிடுகிறேன். கடல் காற்றில் ஃப்ளெக்ஸ் போர்டு ஒரு மாதம் நிற்காது என்பதால் சுவரிலேயே எழுதிவிடலாம் என்று முடிவாயிற்று. முதலாளி மகன் வேர்ஹவுஸ் என்றான். அது வேண்டாம், லோடுமேன்களுக்குப் புரியாது என்றார் முதலாளி. அரசாங்கத்தார் மாதிரி சேமிப்புக் கிடங்கு என்று போடலாமே என்றார் கணக்காளர். நான் கொஞ்சம் தயங்கி, கிட்டங்கி என்றேன். இந்தத் தடவை காது சூடாகவில்லை.

பெயிண்டர் எழுபதைத் தாண்டியவர். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற பழைய கை. சேமிப்புக் கிடங்குக்குச் சுவரும் போதாது, காசும் அதிகம் என்று முதலாளி முதலிலேயே தள்ளிவிட்டார். மிஞ்சியது இரண்டு.

"குடோன்னா மூணே எழுத்துதான், கம்மியா வரும்" என்றார் முதலாளி.

"அப்படி எண்ணப்படாது மொதலாளி" என்றார் பெயிண்டர். "டோ-வுக்குக் கொம்பு தனி, காலு தனி. தூரிகையை மூணு தடவை எடுக்கணும்லா? குடோனுக்கு அஞ்சு."

"கிட்டங்கிக்கு?"

பெயிண்டர் காற்றிலேயே விரலால் எழுதிப் பார்த்தார். "கி, ட், ட, ங், கி. இதும் அஞ்சுதான்."

முதலாளி தானும் ஒருமுறை விரல் விட்டு எண்ணினார். பிறகு சொன்னார், "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி. எதையாவது எழுதும்."